பிராண்ட் என்றால் கொள்ளிக்கட்டை

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் கிடைத்தது. செக்கு ஓட ஆரம்பித்துவிட்டது என்று படித்ததும் இங்கே எனக்கே எள் வாசனை அடித்தது. எண்ணெய்க்கு நல்ல பிராண்ட் பெயராக ஒன்று சொல் என்று கேட்டிருந்தாய். பெயர் ஒன்றும் தோன்றவில்லை. 'பிராண்ட்' என்ற சொல்லையே தோண்டிக்கொண்டு உட்கார்ந்ததில் இரண்டு நாள் போய்விட்டது.

பழைய ஆங்கிலத்தில் பிராண்ட் என்றால் நெருப்பு, எரிகிற கட்டை. நம் கொள்ளிக்கட்டைதான். தீ மாதிரி மின்னுவதாலோ என்னவோ, அந்தக் காலக் கவிதைகளில் வாளுக்கும் அதே பெயர். எரிவதைச் சொல்லும் 'பர்ன்' இதற்குப் பங்காளி. ஜெர்மன்காரர்கள் இன்றும் 'பிரென்னன்' என்கிறார்கள். ஆங்கிலத்தில்தான் ரகரம் இடம் மாறிவிட்டது. உன் பாட்டி மதுரையை 'மருதை' என்பாரே, அதே கதை.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. நமக்கு விறகு எரிந்தது வேறு, விறகை எரித்தது வேறு இல்லையா? ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஆங்கிலத்திலும் அப்படித் தனித்தனியாக இரண்டு வினைகள் இருந்திருக்கின்றன. பிற்பாடு இரண்டும் கலந்து ஒரே 'பர்ன்' ஆகிவிட்டது. தன்வினை பிறவினைக்காகத் தமிழ் வாத்தியாரிடம் நாம் வாங்கிய அடி ஞாபகம் வந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்.

சரி, கொள்ளி எப்படிக் கடைச்சரக்குக்குப் பெயரானது? காய்ச்சிய இரும்பால் மாட்டுக்குச் சூடு போட்டார்கள். மனிதர்களையும் விடவில்லை. 1547இல் இங்கிலாந்தில் வந்த ஒரு சட்டம், வேலை செய்யாமல் திரிகிறவன் மார்பில் 'வி' என்ற எழுத்தைச் சுடச் சொன்னது. நல்லவேளை, சில வருடத்திலேயே அதை எடுத்துவிட்டார்கள். அப்புறம் மதுப் பீப்பாய்களில் தயாரித்தவனின் அடையாளத்தைச் சுட்டார்கள். அது அப்படியே வணிகப் பெயராகிவிட்டது. உன் மச்சானுக்குப் பிடித்த பிராந்தியும் இந்தக் குடும்பம்தான். டச்சு மொழியில் 'பிராண்டவைன்', அதாவது எரித்த ஒயின். காய்ச்சி வடித்தது என்று அர்த்தம்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிவிடாதே. புதுத் தொழிலுக்குக் கொள்ளி என்று காதில் விழுந்தால் செக்கை நிறுத்திவிட்டுப் பரிகாரம் செய்யச் சொல்வார். பேசாமல் உன் ஊர்ப் பெயரையே வைத்துவிடேன். தீபாவளிக்கு வருகிறேன், ஒரு டின் எடுத்து வை.

அன்புடன்,
சுந்தரம்