டிராவலர் வண்டிக்கு வழிகாட்டியும் கேமராவும்

தக்கலை
ஞாயிற்றுக்கிழமை

மக்களே,

நீ அனுப்பிய மூன்று கருவிகளின் படமும், கேம்பராக, அதாவது தங்கிப் பயணிக்கிற வண்டியாக நீ மாற்றும் டிராவலர் வேனின் முன் கண்ணாடிப் படமும் வந்தன. வழியும் காட்டி, ரோட்டையும் படம் பிடிக்கிற ஒரே பெட்டியாக வாங்கிவிட்டால் வயரிங் ஒரே வேலையோடு முடியும் என்று எழுதியிருக்கிறாய். அது சரிதான். ஆனால் படத்தின் தெளிவு எத்தனை கே, திரை எத்தனை இஞ்சு என்று பார்ப்பதைக் கொஞ்சம் தள்ளி வை. முதலில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து உன் முன் கண்ணாடியைப் பார்.

வழி காட்டும் திரை கைக்கு எட்ட வேண்டும். கண்ணைச் சற்றுத் தாழ்த்தினால் தெரிய வேண்டும். அப்படியென்றால் அது டேஷ்போர்டை ஒட்டிக் கீழே இருக்க வேண்டும். கேமராவுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். கண்ணாடியின் மேல்பக்கம், நடுவாக, வைப்பர் துடைக்கிற வட்டத்துக்குள் அது இருக்க வேண்டும். காரில் இந்த இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரு சாண்தான். டிராவலர் கண்ணாடி உயரமானது. அதில் ஒரு முழத்துக்கு மேலே வரும். இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்தால் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

கீழே ஒட்டினாயானால், படத்தில் கால்வாசி டேஷ்போர்டாக இருக்கும். மத்தியான வெயிலில் டேஷ்போர்டின் பிரதிபலிப்பு கண்ணாடியில் விழுந்து, நம்பர் பிளேட் இருக்கும் இடத்தில் வெள்ளைத் திட்டாக நிற்கும். வைப்பர் ஓய்வெடுக்கும் அந்த அடிப்பாகத்தில் மழைத் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். இடவப்பாதி மழையும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி மழையும் இரண்டுமே பெய்கிற ஊருக்கு வரும் வண்டி அது. மேலே ஒட்டினால் கேமராவுக்கு நல்லது, ஆனால் 7 இஞ்சுத் திரை உன் பார்வையை மறைக்கும். நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் சந்திப்பு மாதிரி நாலு பக்கமும் ஸ்கூட்டர் நுழைகிற இடத்தில் அது ஆபத்து.

அதனால் நான் சொல்வது இதுதான்: திரையும் லென்சும் வயரால் பிரிந்து நிற்கிற கருவியாகப் பார். திரை கீழே, கண் மேலே.

இனி உன் மூன்று படங்கள். முதலாவது, வெளிநாட்டில் கேம்பர் வண்டிக்கென்றே விற்கும் கார்மின் வகை. வண்டியின் உயரம், நீளம், எடை எல்லாம் போட்டு வைத்தால் தாழ்ந்த பாலத்தை விலக்கி வழி சொல்லும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது உண்மையிலேயே பெரிய உதவி, ஏனென்றால் அங்கே பாலத்தின் உயரம் வரைபடத்துக்குள் பதிவாகியிருக்கிறது. உயரம் பதிவாகாத பாலத்தை எந்தக் கருவியாலும் விலக்க முடியாது. அந்த நாட்டு வரைபடத்தோடு வருவதை இங்கே கொண்டுவந்து என்ன செய்ய? இந்திய வரைபடம் அதில் ஏறுமா, ஏறினால் உயரக் கணக்கு வேலை செய்யுமா என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதே.

இரண்டாவது, பின்னால் பார்க்கும் உள் கண்ணாடியின் மேல் ரப்பர் பட்டையால் கட்டும் ஆண்ட்ராய்டு மிரர், அதாவது கண்ணாடி வடிவத்துத் திரை. லென்ஸ் உயரத்தில் இருக்கும், பின் கேமரா படமும் தெரியும். பின்னால் கட்டிலும் அலமாரியும் வந்தபின் உன் உள் கண்ணாடி எதற்கும் ஆகாது என்பதால் அந்த வசதி நல்லதுதான். ஆனால் வழி பார்க்க அது லாயக்கில்லை. பளபளப்பான கண்ணாடிக்குள் மேப் சரியாகத் தெரியாது, விரலால் தொட எம்பிக் கை நீட்ட வேண்டும், கனத்தால் தண்டு ஆடி வீடியோவும் ஆடும். படம் பிடிப்பதும் வழி சொல்வதும் ஒரே சிப்பில் நடப்பதால், உச்சி வெயிலில் சூடு ஏறியதும் இரண்டில் ஒன்று நின்றுபோகும். எது நின்றது என்பதுகூட உடனே தெரியாது.

மூன்றாவது, டேஷ்போர்டில் வைக்கும் கார்பிளே திரை (போனின் மேப்பைக் காட்டும் திரை), முதுகில் லென்ஸ். வழி உன் போனிலிருந்து வருவதால் வரைபடம் பழையதாகாது. இது பெரிய லாபம். ஆனால் லென்ஸ் கீழே மாட்டிக்கொள்கிறது.

நான் வாங்கச் சொல்வது நாலாவது: டேஷ்போர்டில் ரேடியோ இருக்கும் டபுள் டின் என்கிற இரட்டை உயரப் பொந்தில் உட்காரும் ஆண்ட்ராய்டு செட், அதோடு கண்ணாடியின் மேலே ஒட்டும் யூஎஸ்பி கேமரா. கேமராவில் அதற்கென்று தனி மெமரி கார்டு பொந்து இருக்கிறதா என்று கட்டாயம் பார். கார்டு இல்லாத வகை, செட்டுக்குள் இருக்கும் ஆப்பை நம்பித்தான் பதியும். செட் கண் விழிக்க அரை நிமிடம் ஆகலாம். நினைவகம் நிறைந்தால் அந்த ஆப்பை அதுவே மூடிவிடும். கார்டு உள்ள கேமரா, மின்சாரம் வந்ததும் தன்பாட்டுக்குப் பதியத் தொடங்கும். இது அமையாவிட்டால் கூச்சப்படாமல் இரண்டாகவே வாங்கு: ஒரு கார்பிளே திரை, ஒரு தனி டேஷ்கேம். வயர் ஒன்று கூடும், அவ்வளவுதான். ஒன்று கெட்டாலும் மற்றது ஓடும்.

கேமராவுக்குள் லித்தியம் பேட்டரி இருக்கக் கூடாது, சூட்டைத் தாங்கி, கொஞ்சம் மின்சாரம் சேர்த்து வைக்கிற சூப்பர் கெப்பாசிட்டர் இருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டியின் கண்ணாடியோரம் 60, 70 டிகிரிக்குப் போகும். அந்தச் சூட்டில் பேட்டரி உப்பி, கேமராவின் முதுகைப் பிளந்துவிடும். அமைப்பில் நேரத்தை நம் நாட்டுக் கணக்கான +5:30 என்று வைக்க முடிகிறதா பார். சில மலிவுக் கேமராக்களில் முழு மணி மட்டும்தான் இருக்கும், அரை மணி தவறிய வீடியோ வழக்கில் வம்பாகும். அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்று வை, இல்லாவிட்டால் தெருவிளக்கு வீடியோவில் துடிக்கும்.

கார்டுக் கணக்கு சொல்கிறேன். 1440பி முன் கேமரா விநாடிக்குச் சுமார் 3 மெகாபைட் எழுதும், 1080பி பின் கேமரா சுமார் 2. மொத்தம் 5, மணிக்கு 18 ஜிபி. 128 ஜிபி கார்டு 7 மணி நேரத்தில் நிறைந்து பழையதன் மேல் எழுதத் தொடங்கும். பெங்களூரிலிருந்து வீடு 600 கிலோமீட்டருக்கு மேல். ஓசூர் பக்கம் காலையில் நடந்த உரசல், திருநெல்வேலி தாண்டும்போது கார்டில் இருக்காது. 256 ஜிபி வாங்கினால் 14 மணி நேரம் நிற்கும். நிறைய எழுதினாலும் தாங்கும் ஹை எண்டியூரன்ஸ் என்று எழுதியது, எழுதும் வேகத்தைக் காட்டும் வி30 குறி உள்ளது வாங்கு. சாதாரண போன் கார்டு திரும்பத் திரும்ப எழுதி எழுதிச் செத்துப்போகும், சாகும்போது சத்தமும் போடாது. மாதம் ஒரு தரம் கேமராவிலேயே ஃபார்மட் செய்.

ஜி சென்சாரை எல்லோரும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். குலுங்கினால் அந்தக் கோப்பை அழியாமல் பூட்டி வைப்பது அதன் வேலை. குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறைப் பக்கம் போகும்போது ஒவ்வொரு குழியையும் விபத்து என்று நினைத்துப் பூட்டிக்கொண்டே போகும். பூட்டிய கோப்புகள் நிறைந்ததும் கார்டில் இடமில்லாமல் பதிவு நின்றுவிடும். லோ என்று வை. கட்டில், தண்ணீர் டேங்க், கேஸ் எல்லாம் ஏற்றிய பிறகுதான் வண்டியின் உண்மையான குலுக்கம் தெரியும். வெறும் வண்டியில் சரிபார்த்துவிட்டு விடாதே.

மின்சாரத்துக்கு வருகிறேன். சிகரெட் லைட்டர் பொந்தில் குத்தி வைக்காதே; குலுக்கத்தில் தளர்ந்து அரை விநாடி தொடர்பு விடும், அப்போது எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாழாகும். கேமராவுக்கு மூன்று வயர் கொண்ட ஹார்டுவயர் கிட் வாங்கு. ஒன்று பேட்டரி நேர், ஒன்று சாவி போட்டால் வரும் ஆக்சசரி லைன், ஒன்று எர்த். நேர் வயரை என்ஜின் பேட்டரியில் கொடுக்காதே, வண்டியில் தங்கும் பகுதிக்கென்று வைக்கும் லித்தியம் பேட்டரியில் கொடு. நிறுத்திய வண்டியில் காவலிருக்கும் கேமரா 12 வோல்ட்டில் சுமார் 0.3 ஆம்பியர் இழுக்கும். நாளைக்கு 7 ஆம்பியர் மணி. வண்டி மூன்று நாள் முற்றத்தில் நின்றால் 21. என்ஜின் பேட்டரி அதைத் தாங்கினாலும் நாலாம் நாள் காலையில் ஸ்டார்ட் எடுக்கச் சிணுங்கும். உன் 100 ஆம்பியர் மணி பேட்டரிக்கு அது பெரிய சுமையில்லை. ஆனால் கிட்டில் இருக்கும் 12.0, 12.2 வெட்டு அளவுகள் ஈயப் பேட்டரிக்குப் போட்ட கணக்கு. லித்தியம் பேட்டரி 13 வோல்ட்டைச் சுற்றியே நெடுநேரம் நின்றுவிட்டுக் கடைசியில் சட்டென்று விழும், 12.0க்கு வந்தபோது அது ஏற்கெனவே காலி. அதனால் வெட்டு வேலையை அந்தப் பேட்டரியின் மானிட்டரிடம், அதாவது மிச்சச் சார்ஜைக் கணக்குப் பார்க்கும் கருவியிடம் விட்டுவிடு. இரண்டு பேட்டரிக்கும் எர்த் ஒன்றாக இணைந்திருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகு வயரைத் தொடு.

நேர் வயரில் 2 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரிக்குப் பக்கத்திலேயே. தூரத்தில் ஃபியூஸ் வைத்தால் நடுவில் உரசும் வயருக்குக் காவல் இல்லை. எர்த்துக்குப் பெயின்டை வெள்ளித் தகடு தெரிகிற வரை சுரண்டி, வெள்ளீயம் பூசிய செம்பு லக்கை (வயர் நுனியில் மாட்டும் வளையம்) அழுத்திப் போல்ட் போட்டு, மேலே வாசலின் தடவு. குளச்சலிலும் முட்டத்திலும் கடற்கரையோரம் அடிக்கடி நிறுத்தினால் வெறும் செம்பு பச்சை பூக்கத் தொடங்கிவிடும். பச்சை பூத்த எர்த்தில் வண்டி ஓடும்போது எல்லாம் சரியாக இருக்கும். ஹெட்லைட் போட்டதும் கேமரா அணைந்து எரியும். குற்றம் கேமராவில் என்று நினைத்துக் கேமராவை மாற்றுவார்கள்.

மலிவான 12லிருந்து 5 வோல்ட் கன்வெர்ட்டரை ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் கட்டாதே. அதன் இரைச்சலில் செயற்கைக்கோள் சிக்னல் மூழ்கி, வண்டி வயலுக்குள் ஓடுவது மாதிரி மேப் காட்டும். இரண்டுக்கும் ஒரு முழமாவது இடைவெளி விடு. கண்ணாடியில் உலோகம் கலந்த பிலிம் இருந்தாலும் இதே கோளாறுதான். கேமராவை ஃபாஸ்டேகை மறைக்காமல் ஒட்டு. ஒட்டும் முன் கண்ணாடியின் உள்பக்கத்தை ஸ்பிரிட் போட்டுத் துடை. புது பிளாஸ்டிக்கின் ஆவி படிந்து மெல்லிய புகை மாதிரி இருக்கும், ஒட்டுத்தாள் அதில் பிடிக்காது. உறிஞ்சுக் கிண்ணம் வேண்டவே வேண்டாம். வெயிலில் இளகி, ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் அறையும்போது கேமரா மடியில் விழும். அந்த நேரத்தில் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும்.

வாங்கியதும், திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் இவ்வளவும் செய்து பார். நின்ற காருக்குப் பின்னால் 5 மீட்டரிலும் 10 மீட்டரிலும் நிறுத்தி, வீடியோவை உறையவைத்து நம்பர் வாசிக்க முடிகிறதா பார், பகலிலும் ராத்திரியிலும். நடு மத்தியானம் இரண்டு மணி நேரம் வெயிலில் பூட்டிவைத்து, திறந்ததும் பதிகிறதா பார். பதியும்போதே மின்சாரத்தைப் பிடுங்கி, கடைசிக் கோப்பு கணினியில் திறக்கிறதா பார். மூன்றில் ஒன்று தவறினாலும் திருப்பிக் கொடு.

ஏதாவது நடந்துவிட்டால் கார்டை அப்படியே கழற்றி எடுத்து வை, வெட்டவோ வாட்ஸாப்பில் அனுப்பியதை மூலம் என்று காட்டவோ செய்யாதே. 2024 ஜூலை 1 முதல் மின்னணுச் சாட்சிக்குப் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் எண்ணும் வரும்; அது கோப்புக்குக் கைரேகை மாதிரி. ஒரு நொடி வெட்டினாலும் அந்த எண் மாறிவிடும். வீடியோவில் வேகம் பதிவது உனக்கு எதிராகவும் பேசும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள். உள்ளே பேசுவது பதியாமல் மைக்கை அணைத்து வை.

நம் பக்கத்து வழியைப் பற்றி இனி. கோதையாறு மலைப்பக்கம் டவர் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும், அதனால் மாவட்டம் முழுவதையும் புறப்படும் முன்னே போனில் இறக்கிவை. கூகுள் மேப்பில் வண்டி உயரம் போட இடமில்லை. ஆஸ்மேண்ட் என்ற மேப் ஆப்பில் போடலாம், ஆனால் நம் ஊர்ப் பாலங்கள் எல்லாம் அதில் ஏறியிருக்கும் என்று நம்பிவிடாதே. ரயில்வே அடிப்பாலத்தின் முன்னால் நிற்கும் இரும்புச் சட்டத்தில் எழுதிய எண்ணைக் கண்ணால் பார்த்தே நுழை. உன் உயரத்தை டயரில் காற்று சரியாக இருக்கும்போது, மேலே சோலார் பலகை, ஏணி, காற்றுத் துளை எல்லாம் மாட்டிய பிறகு, மட்டப்பலகை வைத்து அள. அதோடு 15 சென்டிமீட்டர் கூட்டி, பெரிய எழுத்தில் சன் வைசரில் ஒட்டு.

மேப் நம் ஊரில் தவறுவது பெரும்பாலும் சானல்கரையில், அதாவது பாசனக் கால்வாய்க் கரையில்தான். தேசிய நெடுஞ்சாலை 66இல் மார்த்தாண்டம் பக்கம் நெரிசல் என்றால் உடனே சானல்கரை ரோட்டைக் குறுக்குவழி என்று நீலக் கோடு போட்டுக் காட்டும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மதில், எதிரே ஒரு ஆட்டோ வந்தால்கூட ஒதுங்க இடமில்லை. உன் நீளத்துக்குத் திரும்பவும் முடியாது. ரப்பர் தோட்டத்து ஊடுவழியும் அப்படித்தான், கூடவே வீடுகளுக்குப் போகும் கரண்ட் வயர் தாழ்ந்து தொங்கும். வேகமான வழி இருக்கிறது, மாற்றவா என்று மேப் கேட்டாலும் ஏற்காதபடி, வழியை முன்கூட்டியே புள்ளி வைத்துக் கட்டிவிடு: காவல்கிணறு, ஆரல்வாய்மொழி, நாகர்கோவில், தக்கலை. நேரம் எவ்வளவு கூடினாலும் அதை மாற்றாதே. பைய வந்தால் போதும்.

வண்டியின் உயரம் அளந்ததும் அந்த எண்ணை எனக்கு அனுப்பு. வாசல் பலாவின் ரோட்டுப் பக்கக் கிளை காயோடு தாழ்ந்து நிற்கிறது. நீ வரும் முன் எவ்வளவு இறக்க வேண்டும் என்று அந்த எண்ணைப் பார்த்துத்தான் அப்பா வெட்டச் சொல்வார்.

அன்புடன்
அம்மா