திமிர் என்று சொல்லிவிட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எல்லைக்கோட்டைத் தொடும் முன்பே கையைத் தூக்கித் தங்கத்தைக் கோட்டைவிட்ட வீரர்களைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு துணுக்கு வந்திருந்தது. வழக்கம்போல முயல், ஆமை. தலைக்கனம் பிடித்தால் இப்படித்தான் என்று முடித்துவிட்டீர்கள். பள்ளிப் பிள்ளைகளை மைதானத்தில் ஓடவைத்தே காலம் கழித்த உடற்கல்வி ஆசிரியன் நான். எனக்கு அது சரியாகப் படவில்லை.

நீங்கள் குறிப்பிட்ட ஹாங்சோ ஆசிய விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். 2023 அக்டோபர் 2, ஆண்கள் 3000 மீட்டர் ரோலர் ஸ்கேட்டிங் ரிலே. முன்னால் வந்துகொண்டிருந்த தென்கொரியாவின் ஜங் சியோல்-வோன் கோடு நெருங்கியதும் நிமிர்ந்து இரண்டு கைகளையும் உயர்த்தினார். பின்னாலிருந்த சீன தைபேயின் (தைவான் அணியின்) ஹுவாங் யூ-லின் இடது காலை நீட்டினார். 0.01 விநாடியில் தங்கம் கை மாறிவிட்டது. ஓட்டப்பந்தயத்தில் நெஞ்சு கோட்டைத் தொட வேண்டும்; ஸ்கேட்டிங்கில் முன்காலின் முதல் சக்கரம்தான் கணக்கு. நிமிர்ந்து நின்று கையைத் தூக்கிவிட்டால் அந்தக் காலை எப்படி நீட்டுவது? வேகம் குறைந்ததை விட இதுதான் பெரிய இழப்பு.

சைக்கிளிலும் இதே கதைதான். 2020-ல் பெல்ஜியத்தில் நடந்த லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ் சைக்கிள் பந்தயத்தில் 257 கிலோமீட்டர் மிதித்துவிட்டு, கடைசி ஓரிரு மீட்டரில் ஹேண்டில்பாரை விட்டுக் கைகளை விரித்தார் ஜூலியன் அலாபிலிப். உலகச் சாம்பியனாகி அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பக்கத்தில் வந்த ப்ரிமோஷ் ரோக்லிச் சைக்கிளை முன்னால் தள்ளி டயரை நுழைத்துவிட்டார். கை ஹேண்டில்பாரில் இருந்தால்தானே தள்ள முடியும்! (வழி மாறி வந்து மற்றவர்களை மறித்ததற்காக அலாபிலிப்பை ஐந்தாம் இடத்துக்கு இறக்கியது தனிக்கதை.)

அப்புறம், திமிர் என்று சொல்வதில் நாம் ஒரே அளவுகோலை வைத்திருக்கிறோமா? 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் உசேன் போல்ட் கோட்டுக்கு முன்பே கைகளை விரித்து, மார்பைத் தட்டிக்கொண்டுதான் 100 மீட்டரை முடித்தார். 9.69 விநாடி, உலக சாதனை. ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் ஜாக் ரோக் முகம் சுளித்தார். மற்றபடி உலகமே ரசித்தது. இரண்டாவதாக வந்தவர் 0.20 விநாடி பின்னால் இருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். நீரஜ் சோப்ரா ஈட்டி தரையில் விழும் முன்பே திரும்பிக் கையைத் தூக்கும்போது நாம் கைதட்டவில்லையா? ஜெயித்தால் நம்பிக்கை, தோற்றால் ஆணவம் என்று எழுதுவது நியாயமில்லை.

ஜங்கின் தவறு சின்னது என்று நான் சொல்லவில்லை. ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினால் கொரிய வீரர்களுக்குக் கட்டாய ராணுவ சேவையிலிருந்து விலக்கு உண்டு. அந்த ஒரு நொடியில் அது அவருக்கும் போயிற்று, கூட ஓடிய சோய் இன்-ஹோவுக்கும் போயிற்று. கடைசிவரை முழு வேகத்தில் போகவில்லை என்று ஜங் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டார். தலைக்கனம் பிடித்த ஆள் செய்கிற காரியமா அது?

இதைத் திருத்தப் புத்திமதி உதவாது, பயிற்சிதான் உதவும். கோடு பத்து மீட்டர் தள்ளி இருப்பதாக நினைத்து ஓடு என்று பிள்ளைகளிடம் சொல்வோம். நம்மூர்ப் பள்ளி விளையாட்டு விழாக்களில் ரிப்பன் பிடிக்கிற ஆசிரியர்கள் அதைக் கோட்டிலேயே பிடிப்பார்கள். பிள்ளைகளும் ரிப்பனைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். யாரும் கண்டுகொள்வதில்லை.

கடைசியாக ஒரு குறை. அதே ரிலேயில் வெண்கலம் வென்றது இந்திய அணி. அதில் இருந்த ஆனந்த்குமார் வேல்குமார் சென்னைப் பையன். 2025-ல் சீனாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் 1000 மீட்டர் தங்கமும் வாங்கினார். தோற்ற கொரியருக்கு அத்தனை வரி ஒதுக்கிய துணுக்கில் அவர் பெயருக்கும், காலை நீட்டிய ஹுவாங்கின் பெயருக்கும் இடமில்லாமல் போய்விட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
ஈரோடு.