உறுதிமொழியில் கட்சியின் பெயர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

எம்.எல்.ஏ.வாகப் பதவியேற்பவர் எடுக்கும் உறுதிமொழி அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்திடம் உண்மையான பற்றோடு இருப்பேன் என்கிறார். கட்சி என்ற சொல்லே அதில் கிடையாது. பதவியேற்ற மறுநாள் முதல், எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி சார்பில் உத்தரவிடும் கொறடா சொன்னால்தான் கை உயர்கிறது.

எங்கள் குடியாத்தத்துக்கு இதில் அனுபவம் உண்டு. 2017 செப்டம்பரில் தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 எம்.எல்.ஏ.க்களில் மூவர் அன்றைய வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள்: குடியாத்தம், ஆம்பூர், சோளிங்கர். தங்கள் கட்சி முதல்வர் மீதே நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் மனு கொடுத்ததற்காகக் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவி போனது. அவர்கள் செய்தது கொள்கைக்காகவா, கோஷ்டிக்காகவா? எனக்கும் சந்தேகம்தான். சரி, அதை விடுங்கள். 2019 இடைத்தேர்தல் வரை ஒன்றரை ஆண்டுக்கு மேல் எங்கள் தொகுதிக்குச் சட்டமன்றத்தில் குரலே இல்லை. தண்டனை அனுபவித்தது ஓட்டுப் போட்ட நாங்கள்.

கட்சி தாவினாலோ கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ பதவியைப் பறிக்கும் இந்தச் சட்டம் 1985இல் வந்தது. விலைபோகிறவர்களைத் தடுக்க அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மனசாட்சிப்படி எதிர்த்து ஓட்டுப் போடுகிறவரையும் அது அதே தராசில்தான் நிறுக்கிறது. அந்தச் சட்டம் செல்லும் என்ற 1992 தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம், பதவி பறிக்கும் கொறடா உத்தரவு நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் கட்சியின் முக்கியக் கொள்கைகளுக்கும் மட்டும் இருக்க வேண்டும் என்றது. அதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டால் என்ன? அப்புறம் ஒரு மசோதா தவறென்று பட்டால், எங்கள் எம்.எல்.ஏ. பதவி போகும் என்று பயப்படாமல் எழுந்து சொல்லலாம்.

– ஒரு வாசகர், குடியாத்தம்