கார்டு போனால் டிஸ்கும் போனதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சர்வர்களில் ரெய்டு அமைப்பது, அதாவது ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா போகாதபடி பல டிஸ்குகளைக் கோத்து ஒன்றாக ஓட்டுவது பற்றி உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதற்கென்றே தனி கார்டு போட்டால்தான் கெத்து, ஆபரேட்டிங் சிஸ்டமே அந்த வேலையைப் பார்க்கிற சாஃப்ட்வேர் ரெய்டு ஒப்பேற்றும் வேலை என்கிற தொனி. லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி போன்ற ஆபரேட்டிங் சிஸ்டம் ஓட்டுகிறவர்களுக்கு அது தப்பான யோசனை.

நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சர்வரில் எட்டு டிஸ்க், ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனால் தாங்கும் வகை), விலை கூடின கார்டு. ஒரு நாள் கார்டு செத்துப்போனது. டிஸ்க் எட்டும் நன்றாகவே இருந்தன, ஆனால் எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற கணக்கை அந்தக் கார்டு தனக்கு மட்டுமே புரிகிற விதத்தில் எழுதி வைத்திருந்ததால் கையில் இருந்த வேறு கார்டு எதற்கும் அது விளங்கவில்லை, அந்த மாடலோ விற்பனையிலேயே இல்லை. அதே வகைக் கார்டு பழசாக ஒன்று கிடைக்க ஒன்பது நாள் ஆனது. லினக்ஸிலேயே வரும் சாஃப்ட்வேர் ரெய்டான எம்டியாக இருந்தால் அந்தக் கணக்கு ஒவ்வொரு டிஸ்கிலும் சூப்பர்பிளாக் என்று அதற்கென ஒதுக்கிய சின்ன இடத்தில் இருக்கும். வேறொரு லினக்ஸ் மெஷினில் எந்த வரிசையில் மாட்டினாலும் எம்டியை நிர்வகிக்கும் எம்டிஆட்ம் என்கிற கருவி தானே கண்டுபிடித்துக் கோத்துவிடும்.

சாஃப்ட்வேர் ரெய்டு போட்டால் சிபியு திணறும் என்கிறார் கட்டுரையாளர். அது பழைய கதை. பூட் ஆகும்போது லினக்ஸின் மையமான கெர்னல், ரெய்டு 6 (இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் வகை) கணக்கை எந்த முறையில் வேகமாகப் போடலாம் என்று தானே சோதித்து லாகில் எழுதும், பாருங்கள், இன்றைய சிபியுவில் அது நொடிக்குப் பல ஜிபி. டிஸ்க்தான் பின்தங்கி நிற்கும்.

கார்டுக்கு ஒரு நியாயம் உண்டு, அது பேட்டரி உள்ள கேஷ், அதாவது எழுத வேண்டியதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும் மெமரி. எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் டேட்டா ஒரு பக்கம், போன டிஸ்கை மீட்க வைத்திருக்கும் கணக்கான பேரிட்டி ஒரு பக்கம் என்று நிற்கிற ஆபத்தை அது தடுக்கும், சின்னச் சின்ன எழுத்துகளையும் வேகமாக முடிக்கும். ஆனால் அந்த பேட்டரிக்கும் வயசாகும். அது போனதும் பல கார்டுகள் கேஷை நம்பாமல் நேராக டிஸ்கில் எழுதத் தொடங்க, சர்வர் ஏன் திடீரென்று ஊர்கிறது என்று நாம் மண்டையைப் பிய்த்துக்கொள்வோம். எம்டியிலும் லினக்ஸ் 4.4 முதல் ஜர்னல் வசதி, அதாவது எழுதப்போவதை முதலில் தனியாகக் குறித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. இசட்எஃப்எஸ் என்கிற ஃபைல் சிஸ்டம் பழைய பிளாக்கின் மேல் எழுதுவதே இல்லை, டேட்டா கெட்டிருக்கிறதா என்று செக்சம் வேறு பார்க்கிறது. அதற்கு டிஸ்குகளை நேராகக் காட்ட வேண்டும், கார்டு இருந்தால் ரெய்டு செய்யாமல் டிஸ்கை அப்படியே காட்டும் ஹெச்பிஏ மோடுக்கு மாற்றிவிடுங்கள்.

மதர்போர்டில் இலவசமாக வரும் ரெய்டு? அது வேண்டவே வேண்டாம். கணக்கெல்லாம் டிரைவர்தான் போடுகிறது, பெயர் மட்டும் ஹார்டுவேர்.

இன்னொன்று, 1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் ரெய்டு என்று பெயர் வைத்தபோது அதில் உள்ள 'ஐ'க்கு 'இனெக்ஸ்பென்சிவ்', அதாவது 'மலிவான' என்றுதான் அர்த்தம். 'இன்டிபென்டன்ட்', 'தனித்தனியான' என்று மாறியதெல்லாம் அப்புறம்தான்.

சாஃப்ட்வேர் ரெய்டில் உஷாராக இருக்க வேண்டிய இடமும் இருக்கிறது. ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்கில் வைக்கும்போது, மெஷினை எழுப்பும் பூட்லோடரை இரண்டிலும் போட மறந்தால் முதல் டிஸ்க் போகிற அன்று மெஷின் எழும்பாது. அப்புறம், எம்டியின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டில் இரண்டு 'யு' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு 'யு'வும் ஒரு கோடும் தெரிந்தால் ஒரு டிஸ்க் போய்விட்டது என்று அர்த்தம், ஆனால் எந்த டிஸ்க் போனது என்று சிவப்பு விளக்கு எரிந்து காட்டும் என்று எல்லா மெஷினிலும் எதிர்பார்க்க முடியாது. அதனால் ஒவ்வொரு டிரேயிலும் டிஸ்கின் சீரியல் நம்பரை எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். நல்ல டிஸ்கை உருவிவிட்டு முழித்த பிறகு வந்த பழக்கம் இது.

இப்படிக்கு,
ஒரு சர்வர் பராமரிப்பாளர்