கிளட்ச் பிடிக்கும் இடம்: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

நேற்று மாலை சிக்னலில் கார் மூன்று முறை ஆஃப் ஆகி நின்றதையும், பின்னால் இருந்தவர்கள் விடாமல் ஹாரன் அடித்ததையும், நான்காம் முறை எப்படியோ கிளப்பிக்கொண்டு வீடு வந்து சேர்ந்த நீ, "இனி ஓட்டினால் ஆட்டோமேட்டிக் வண்டிதான்" என்று சாவியை மேசைமேல் வைத்துவிட்டதையும் அம்மா சொன்னார்கள். தொலைபேசியில் அழைத்தால் ஆறுதல் சொல்வதோடு நிறுத்திவிடுவேன். உனக்கு இப்போது தேவைப்படுவது ஆறுதலைவிட விளக்கம் என்று நினைப்பதால், உன்னைப் போலவே கற்றுக்கொண்டிருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று உன்னிடம் கேட்டுக்கொண்டு இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

ஆட்டோமேட்டிக் வண்டியை நான் குறைவாக மதிப்பவன் அல்லன். நாளை நீ அதையே வாங்கினாலும் மகிழ்ச்சிதான். ஆனால், கியர் வண்டி உனக்கு வராது என்ற முடிவோடு அதை வாங்காதே. உனக்கு வராமல் போனதற்குக் காரணம், உன் இடது காலின் கீழே என்ன நடக்கிறது என்று யாரும் உனக்குச் சொல்லாததுதான்.

எனக்கும் அதே கதைதான் நடந்தது. எனக்குக் கற்றுக்கொடுத்தவர், தம் பக்கம் இருந்த கூடுதல் மிதிகளில் கால் வைத்தபடியே இருபது நாளும் உட்கார்ந்திருந்தார். வண்டி ஒரு முறைகூட என் கையில் ஆஃப் ஆகவில்லை. நன்றாகவே ஓட்டுகிறேன் என்று நம்பினேன். உரிமம் வாங்கிய பின் முதன்முதலாகத் தனியாக ஒரு வண்டியில் உட்கார்ந்தபோதுதான், அத்தனை நாளும் கிளட்சை இயக்கியது அவருடைய கால் என்று தெரிந்தது. "கிளட்சை மிதி, கியரைப் போடு, மெதுவாக விடு, ஆக்சிலரேட்டர் கொடு" என்ற கட்டளைகள் எனக்கு மனப்பாடம். மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக, எந்த இடத்தில், எதற்காக என்பது மட்டும் தெரியாது. அந்த "எதற்காக"விலிருந்து தொடங்குகிறேன்.

பெட்ரோல் அல்லது டீசல் இன்ஜினால் நின்ற இடத்திலிருந்து இழுக்க முடியாது. அது உயிரோடு இருக்க வேண்டுமானால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரைத் தொடாதபோதும் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 சுற்று சுற்றுகிறது. அதைவிட மிகவும் கீழே இறக்கினால் திணறி நின்றுவிடும். (மின்சாரக் காரின் மோட்டாருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. நின்ற நிலையிலிருந்தே அது முழு விசையோடு இழுக்கும் என்பதால்தான் அங்கே கிளட்ச் மிதியே இல்லை.) சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் 800 சுற்றில் இருக்கிறது, சக்கரமோ அசையாமல் நிற்கிறது. சுற்றும் ஒன்றையும் நிற்கும் ஒன்றையும் நேரடியாகப் பூட்டினால், ஒன்று வண்டி துள்ளிப் பாய வேண்டும், இல்லையென்றால் இன்ஜின் நிற்க வேண்டும். அந்த இரண்டையும் வழுக்க வழுக்கச் சேர்த்துவைக்கும் உறுப்புதான் கிளட்ச்.

இன்ஜினின் கடைக்கோடியில் பிளைவீல் என்ற கனமான இரும்பு வட்டு சுற்றுகிறது. அதை ஒட்டி, இரு பக்கமும் உராய்வுப் பொருள் பதித்த கிளட்ச் பிளேட் இருக்கிறது. அது கியர் பாக்ஸோடு இணைந்தது. பிரஷர் பிளேட் என்ற மூன்றாவது தட்டு, வலுவான ஸ்பிரிங்கின் விசையால் கிளட்ச் பிளேட்டைப் பிளைவீலோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. நீ மிதியை அழுத்தும்போது அந்தப் பிடி விலகுகிறது; விடும்போது மீண்டும் இறுகுகிறது. மிதி மேலே வரும் தூரத்தில் முதல் பகுதியில் எதுவும் நடப்பதில்லை, கடைசிப் பகுதியிலும் எதுவும் நடப்பதில்லை. நடுவே ஓரிரு விரல் அகலமே உள்ள ஓர் இடத்தில்தான் தட்டுகள் ஒன்றையொன்று தொட்டு, உரசி, மெல்ல மெல்ல ஒரே வேகத்துக்கு வருகின்றன. பழகியவர்கள் "கிளட்ச் பிடிக்கும் இடம்" என்று சொல்வது அதைத்தான். நீ கற்க வேண்டியவற்றுள் பாதி அந்த ஓரிரு விரல் அகலத்துக்குள் இருக்கிறது.

ஒரு சிறு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். எனக்கு இது புரிந்த அன்றுதான் பயம் விட்டது. ஒரு சிறிய காரின் முதல் கியரில் இன்ஜினின் வேகம் சுமார் 3.5 மடங்கு குறைகிறது. அதன்பின், சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரென்ஷியலில் இன்னும் 4 மடங்கு குறைகிறது என்று வைத்துக்கொள். ஆக, இன்ஜின் 14 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். இன்ஜின் 800 என்றால் சக்கரம் நிமிடத்துக்கு 57 சுற்று. சக்கரம் ஒரு சுற்றுக்கு 1.9 மீட்டர் உருளும் என்று கொண்டால், மணிக்கு ஆறரை கிலோமீட்டர் வருகிறது. வேகமாக நடப்பவரின் வேகம். கிளட்ச் இட்டு நிரப்ப வேண்டிய இடைவெளி அவ்வளவுதான். வண்டி அந்த நடை வேகத்தை எட்டும்வரை தட்டுகள் உரசிக்கொண்டிருக்க வேண்டும். எட்டிய பிறகு நீ மிதியை எப்படி விட்டாலும் வண்டி நிற்காது. இதற்குச் சமதளத்தில் இரண்டு நொடி போதும்.

பெரும்பாலோர் தவறுவது அந்த இரண்டு நொடியில்தான். மிதியை மெதுவாகத்தான் தூக்குகிறார்கள். வண்டி இலேசாக அசைந்ததும், கிளம்பிவிட்டது என்ற நிம்மதியில் காலை முழுவதுமாக எடுத்துவிடுகிறார்கள். வண்டி அசையத் தொடங்கும் நொடி காலை எடுக்க வேண்டிய நொடி அன்று, அப்படியே நிறுத்திவைக்க வேண்டிய நொடி. உன் கால் எங்கே வேகமாக இருக்கலாம், எங்கே நிதானமாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல், முழுத் தூரத்தையும் மெதுவாக விடு என்று கற்பிப்பது என் பார்வையில் பாதிப் பாடம்தான்.

நேற்று நடந்ததற்கு வேறொரு காரணமும் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் கியரும் மூன்றாம் கியரும் மேல் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பதற்றத்தில் முதல் கியர் என்று நினைத்து மூன்றில் போட்டுவிடுவது மிகச் சாதாரணம். மேலே போட்ட கணக்கையே மூன்றாம் கியருக்குப் போட்டால், கிளட்ச் நிரப்ப வேண்டிய இடைவெளி ஆறரையிலிருந்து ஏறத்தாழ பதினேழு கிலோமீட்டருக்குத் தாவிவிடும். எவ்வளவு பக்குவமான காலாலும் அதைச் சுலபமாகக் கடக்க முடியாது. அடுத்தடுத்து இரண்டு முறை வண்டி நின்றால், மூன்றாம் முறை சாவியைத் திருப்புவதற்கு முன் கியரை நியூட்ரலுக்கு, அதாவது எந்தக் கியரிலும் இல்லாத நடு நிலைக்கு, கொண்டுவந்து, இடமும் வலமும் அசைத்துப் பார்த்து, முதல் கியரைப் புதிதாகப் போடு. பின்னால் ஹாரன் ஒலித்தாலும் இதற்கு மூன்று நொடிக்கு மேல் ஆகாது. வண்டி நின்ற உடனே செய்ய வேண்டியதும் ஒன்றுதான்: பிரேக்கையும் கிளட்சையும் முழுமையாக மிதித்துக்கொள். கிளட்சை மிதிக்காமல் கியரில் இருக்கும் வண்டியை ஸ்டார்ட் செய்தால் அது முன்னால் துள்ளும். எதிரே மனிதர்கள் கடந்துகொண்டிருக்கும் சிக்னலில் அது ஆபத்து.

உட்காரும் இடத்தையும் பார். மிதியை அடிவரை அழுத்திய பிறகும் உன் முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும். இருக்கை பின்னால் தள்ளி இருந்தால் கடைசி அங்குலம் அழுந்தாது. கிளட்ச் முழுதாக விலகாமல் கியர் கரகரக்கும். கியர் பாக்ஸ் கெட்டுவிட்டது என்று நினைப்போம், உண்மையில் இருக்கை தள்ளி இருக்கும்.

கியர் மாற்றுவதைப் பற்றி நீ கவலைப்படுகிற அளவுக்கு அதில் கஷ்டம் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. கியர் மாற்றும்போது பற்களின் வேகத்தை ஓட்டுநரே காதால் கேட்டு, நியூட்ரலில் ஒரு முறை கிளட்சை விட்டு மீண்டும் மிதித்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. 1928-இல் காடிலாக் கார்களில் சின்க்ரோமெஷ் வந்த பிறகு அந்த வேலையை இயந்திரமே எடுத்துக்கொண்டது. கியர்களுக்கு நடுவே இருக்கும் உலோக வளையங்கள், சிறு கிளட்சுகளைப் போல உரசி, இரு பக்கத்து வேகத்தையும் சமப்படுத்திய பின்பே பற்களை உள்ளே விடுகின்றன. அதற்கு அரை நொடி அவகாசம் கொடுத்தால் போதும். கியர் கம்பியை அடித்துத் தள்ளாதே. ரிவர்ஸ் கியருக்குப் பல வண்டிகளில் இந்த வளையம் கிடையாது. வண்டி முழுதாக நின்ற பிறகுதான் ரிவர்ஸ் போட வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

கியர் கம்பியை இறுகப் பற்றாமல் உள்ளங்கையால் தள்ளிப் பழகு. நியூட்ரலில் கையை எடுத்தால் அது தானாகவே மூன்று, நான்காம் கியர்களுக்கு நேரான நடு இடத்துக்கு வந்து நிற்கும்படி உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது அந்த ஸ்பிரிங்கை நம்பினாலே போதும். இறுகப் பிடித்து நீயாக இழுத்தால்தான் தவறான இடத்துக்குப் போகும். அதிவேகத்தில் இந்தத் தவறு மிகவும் கெடுதியானது. மணிக்கு 100 கிலோமீட்டரில் நான்காம் கியர் என்று எண்ணி இரண்டாம் கியரில் போட்டுக் கிளட்சை விட்டால், சக்கரங்கள் இன்ஜினை நிமிடத்துக்கு 6,500 சுற்றுக்கும் மேல் விரட்டும். பல இன்ஜின்களுக்கு அது தாங்கும் எல்லை அல்லது எல்லைக்கு அப்பால். எரிபொருளை நிறுத்தி வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணு ஏற்பாடும் அங்கே உதவாது. இன்ஜினைச் சுற்றுவது எரிபொருள் அன்று, சக்கரம்.

எப்போது மாற்றுவது என்பதற்கு எண்களை மனப்பாடம் செய்யாதே. இன்ஜின் இரைந்தால் மேல் கியர் கேட்கிறது. குலுங்கித் திணறினால் கீழ் கியர் கேட்கிறது. முதல் வாரம் பாட்டுப் பெட்டியை அணைத்துவிட்டு, கண்ணாடியைச் சற்று இறக்கிக்கொண்டு ஓட்டு.

மேட்டில் நின்று கிளம்புவதுதான் எல்லாரையும் கலங்கவைக்கிறது. ஹேண்ட் பிரேக் போட்டு வண்டியை நிறுத்திக்கொள். முதல் கியரில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, கிளட்சைப் பிடிக்கும் இடத்துக்குக் கொண்டுவா. இன்ஜினின் ஒலி சற்றுத் தாழும். வண்டி முன்னால் போக முனைவது உன் இருக்கையிலேயே தெரியும். அதை உணர்ந்த பிறகே ஹேண்ட் பிரேக்கை இறக்கு. அந்த இடம் வரும்வரை பிரேக் பிடித்திருக்கிறது, வந்த பிறகு கிளட்ச் பிடித்திருக்கிறது. நடுவில் வண்டி பின்னால் உருளும் நேரம் என்று ஒன்று இல்லவே இல்லை. ஆனால் பிரேக்குக்குப் பதிலாகக் கிளட்சிலேயே வண்டியை மேட்டில் நிறுத்திவைக்கும் பழக்கத்துக்குப் போகாதே. தட்டுகள் விடாமல் உரசிச் சூடேறும். கருகிய நாற்றம் வரும். அது கிளட்ச் பிளேட் தேய்ந்துகொண்டிருக்கும் நாற்றம். ஓடும்போது இடது காலை மிதிமேல் ஓய்வாக வைத்திருப்பதும் அப்படித்தான். காலைப் பக்கத்தில் தரையில் வை.

நிறுத்தும்போது பிரேக் முதலில், கிளட்ச் பிறகு. இன்ஜின் திணறத் தொடங்குவதற்குச் சற்று முன்பு மிதித்தால் போதும். தொடக்கத்திலேயே கிளட்சை மிதித்துவிட்டால், இன்ஜின் பின்னுக்கு இழுத்து வேகத்தைக் குறைப்பது போய்விடும். வண்டி விட்டு ஓடுவதுபோல் இருக்கும். எரிபொருள் மிச்சமாகும் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதே. இன்றைய இன்ஜின்கள், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருளை முழுவதுமாகவே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் தன்னைச் சுற்றவைத்துக்கொள்ள அவற்றுக்கு எரிபொருள் வேண்டும். பாதுகாப்பும் சிக்கனமும் ஒரே பக்கம் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வருகிறேன். ஆள் நடமாட்டம் இல்லாத சமதளமான இடத்துக்குப் போவோம். முதல் அரை மணி நேரம் நீ ஆக்சிலரேட்டரைத் தொடவே கூடாது. முதல் கியரைப் போட்டு, கிளட்சைப் பிடிக்கும் இடம்வரை தூக்கி, வண்டி ஒரு கார் நீளம் ஊர்ந்ததும் மீண்டும் கிளட்சை மிதித்து, பிரேக்கால் நிறுத்த வேண்டும். அதையே முப்பது, நாற்பது முறை செய்யப்போகிறோம். சில முறை ஆஃப் ஆகும், ஆகட்டும். ஒவ்வொரு முறையும் எந்த உயரத்தில் பிடிக்கிறது என்று உன் கணுக்கால் குறித்துக்கொள்ளும். நான் பக்கத்து இருக்கையில் இருப்பேன். என் பக்கம் மிதி எதுவும் இருக்காது.

அடி தடித்த அந்த ஷூவை வீட்டிலேயே விட்டுவிட்டு, மெல்லிய அடியுள்ள, குதிகாலில் பட்டை வைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு வா.

அன்புடன்,
அண்ணன்