பந்தல்காரருக்கு ஒரு வெற்றிலை பாக்கு

மெல்பர்ன் குயின் விக்டோரியா தோட்டத்தில் அன்று எங்களோடு இருந்த எல்லோருக்கும்,

வணக்கம். இந்த மடல் எட்டு வருடத்துக்கும் மேல் தாமதம். முதலில் அதற்கு மன்னித்துவிடுங்கள். 2017 ஜனவரியில், பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எம்பெவிலியன் என்ற கோடைக்கால மண்டபத்தின் மூங்கில் கூரைக்கடியில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து தாலாட்டு பாடினோமே, ஞாபகம் இருக்கிறதா? அன்று வந்தவர்கள், உதவியவர்கள், நனைந்தவர்கள் எல்லோருக்கும்தான் இந்த நன்றி.

இத்தனை வருடம் கழித்து ஏன் என்று கேட்பீர்கள். என் அப்பாதான் காரணம். கும்பகோணம் பக்கத்தில் நாற்பது வருடம் பந்தல் போட்டவர். போனில் பேசும்போதெல்லாம், "அந்தப் பந்தல்காரங்களுக்கு வெத்தலை பாக்கு வெச்சியாம்மா?" என்பார். நான் சிரித்து மழுப்புவேன். போன வாரம் அவர் சிரிக்கவில்லை. கல்யாணத்தில் சமையல்காரருக்கு மரியாதை உண்டு, நாதஸ்வரக்காரருக்குச் சால்வை உண்டு. எல்லோரும் போன பிறகு ராத்திரி வந்து கயிற்றை அவிழ்ப்பவனை மட்டும் யாருக்கும் தெரியாது என்று ஒரு பிடி பிடித்தார். சரி, இனி தள்ளிப்போட முடியாது.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. செயின்ட் கில்டா சாலையில், கலை மையத்துக்கு எதிரே, பூக்கடிகாரம் இருக்கும் தோட்டம் அது. 2014 முதல் 2023 வரை ஏறக்குறைய ஒவ்வொரு வசந்தத்திலும் அங்கே ஒரு கட்டடக் கலைஞர் வந்து ஒரு மண்டபம் எழுப்புவார். நயோமி மில்க்ரம் அறக்கட்டளை தொடங்கிய ஏற்பாடு, மாநகராட்சியும் மாநில அரசும் கூட நின்றன. கோடை முழுக்க உரை, இசை, நடனம், குழந்தைகளுக்கான பட்டறை என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும், எல்லாம் இலவசம். கோடை முடிந்ததும் மண்டபத்தைப் பிரித்து நகரத்தில் வேறொரு இடத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். முதல் வருடம் ஷான் காட்செல், அடுத்தது அமாண்டா லெவீட். மூன்றாவதாக வந்தவர் ஸ்டுடியோ மும்பையின் பிஜோய் ஜெயின். எங்கள் கதை அவருடைய மண்டபத்தில் நடந்தது.

மண்டபம் என்று எழுதுகிறேனே தவிர, பார்த்த மாத்திரத்தில் எனக்கு வாயில் வந்த வார்த்தை பந்தல்தான். அதன் கணக்கை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்: ஏழு கிலோமீட்டர் மூங்கில், 26 கிலோமீட்டர் கயிறு, 50 டன் கல். மூங்கிலுக்குத் தலையாட்டினார். கயிற்றுக்கு மட்டும், "இருபத்தாறா? யாரு வாங்கிக் கொடுத்தது?" என்றார்.

அந்த வருடம் பேத்தியைப் பார்க்க வந்திருந்தார். அவளுக்கு அப்போது ஐந்து மாதம். நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னால் இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அழைத்துப் போனேன். நான் பொறுப்பாளரோடு நேரம், மின்சாரம், நாற்காலி என்று பேசிக்கொண்டிருக்க, அவர் ஒவ்வொரு காலாகப் போய்த் தடவிக்கொண்டிருந்தார். ஒரு கால் அருகே குனிந்து, கட்டை விரலால் முடிச்சை அழுத்தி, நகத்தால் கயிற்றின் புரியைக் கொஞ்சம் நெம்பிப் பார்த்தார். அது அசையவில்லை. மூங்கிலில் துளை போட்டு மர ஆணி இறக்கி, அதன்மேல் கயிறு சுற்றியிருந்தார்கள். "கணு பார்த்துக் கட்டியிருக்கான். வழுக்காது" என்றார். என் கல்யாணப் பந்தலைக்கூட அவர் இப்படிப் பாராட்டியதில்லை, அது அவரே போட்டது என்றபோதும்.

அப்போது பக்கத்தில் மஞ்சள் சட்டை போட்ட பராமரிப்பு ஊழியர் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக யாராவது தூணை நோண்டினால் வந்து தடுப்பார்கள். இவர் தடுக்கவில்லை. அருகில் வந்து அப்பாவின் கையைக் காட்டி ஏதோ கேட்டார். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது, அவருக்குத் தமிழ் வராது. அப்பா மடியிலிருந்து துண்டை எடுத்து முறுக்கி, தன் குடைக் கம்பில் ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினார். அவர் அதை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார், தப்பாக. மறுபடி கட்டினார். மூன்றாவது தடவை அப்பா அவர் தோளைத் தட்டினார். ஐயா, உங்கள் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஊர் விட்டு ஊர் வந்து, மாடி வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து டிராம் எண்ணிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளியை அன்று பத்து நிமிடம் மறுபடி மேஸ்திரியாக்கினீர்கள். முதல் வெற்றிலை உங்களுக்கு.

கூரையைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதில் நமக்கு ஒரு உறவு இருக்கிறது. அந்தத் தட்டிகள் கார்வி என்ற செடியின் குச்சிகளால் செய்தவை. மகாராஷ்டிரப் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலையில் புதராக மண்டும் செடி. அங்கே கிராமங்களில் அந்தக் குச்சிகளை வரிசையாகக் கட்டி, மண்ணும் சாணமும் பூசிச் சுவராக்குவார்கள். எட்டு வருடத்துக்கு ஒருமுறை மலையே ஊதாவாகப் பூக்கும். தாவரவியலில் அது நம் நீலக்குறிஞ்சியின் பேரினம்; நம்முடையது பன்னிரண்டு வருடம் காக்க வைக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். குறிஞ்சிக்கு ஒன்றுவிட்ட தங்கையின் நிழலில் உட்கார்ந்து தாலாட்டு பாடியிருக்கிறோம்! இது எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது. முன்னாலேயே தெரிந்திருந்தால் அறிவிப்பில் போட்டுப் பீற்றிக்கொண்டிருப்பேன். அந்தக் குச்சிகளை இந்தியாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொடுத்த கைகள் இந்த மடலைப் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

வாசலில் நின்ற கோபுரத்தை மறக்கவில்லை. முகரம் ஊர்வலத்தில் தூக்கிவரும் தாசியாவின் வடிவம். அப்பா அண்ணாந்து பார்த்து, "சப்பரம் கட்டியிருக்காங்க" என்று முடித்துக்கொண்டார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். காலையிலிருந்தே சொதப்பல். ஒலிபெருக்கி வாடகைக்குப் பேசியிருந்தவர்கள் நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. போதாததற்கு, நான் அனுப்பிய அழைப்பு ஒன்றில் ஆறு மணிக்குப் பதில் ஐந்து மணி என்று போட்டுத் தொலைத்திருந்தேன். ஆகவே ஐந்து மணிக்கே இருபது பேர், கைக்குழந்தைகளோடு, 'எங்கே பாட்டு?' என்ற முகத்தோடு நின்றார்கள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் பூக்கடிகாரத்தின் முள்ளைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

அந்த ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றியவர் காப்பிக் கடைத் தம்பி. எங்களிடமிருந்து ஒரு டாலர்கூட வரும்படி இல்லை என்று தெரிந்தும், ஐஸ் போட்ட தண்ணீரை ஜாடி ஜாடியாக எடுத்து வந்து வைத்தார். என் மகளின் பால் புட்டியைச் சுடுதண்ணீரில் வைத்துச் சூடாக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுத்தார். உங்களுக்கும் வீட்டில் குழந்தை இருந்திருக்க வேண்டும் தம்பி. இல்லையென்றால் அந்த மணிக்கட்டு வித்தை எப்படித் தெரியும்?

ஆறு மணி ஆயிற்று. மைக் இல்லை. நிகழ்ச்சியைத் தள்ளிவைத்துவிடலாமா என்று நான் கிசுகிசுத்தது, டாண்டினோங் புறநகரிலிருந்து வந்திருந்த யாழ்ப்பாணத்து ஆச்சியின் காதில் விழுந்துவிட்டது. "என்ன பிள்ளை கதைக்கிறாய்? தொட்டிலுக்குப் பக்கத்தில மைக் வைச்சே நாங்கள் பாடினனாங்கள்?" என்றார். சொல்லிவிட்டு எனக்காகக் காத்திருக்கவில்லை. ஜமக்காளத்தின் நடுவில் போய் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த யாரோ ஒருவருடைய பிள்ளையை வாங்கி மடியில் கிடத்தி, "ஆராரோ" என்று எடுத்தார். பேச்சு அடங்கியது. குரல் உரத்து ஒன்றுமில்லை, கொஞ்சம் கரகரப்பு. எல்லோரும் ஜமக்காளத்தில் நகர்ந்து நகர்ந்து அவரை நெருங்கினார்கள். அவ்வளவு பெரிய தோட்டத்தில் நாற்பது ஐம்பது பேர் ஒரு அறையளவு இடத்துக்குள் சுருங்கிவிட்டோம். மைக் வந்திருந்தால் ஆளுக்கொரு மூலையில்தான் உட்கார்ந்திருப்போம். ஆகவே, அந்த ஒலிபெருக்கிக்காரர்களே, உங்களுக்கும் நன்றி. முன்பணத்தை மட்டும் திருப்பித் தந்திருக்கலாம்.

ஆச்சிக்குப் பிறகு தஞ்சாவூர்க்கார அத்தை ஒருவர் மாமன் சீரை வரிசையாகப் பாடினார். பினாங்கிலிருந்து வந்து குடியேறிய அக்கா, தோட்டத்துக் கொட்டகையில் தன் பாட்டி பாடியதை நாலு வரி பாடி, மேலே மறந்துபோய், சிரித்து, அழுதார். இடையிடையே சாலையில் டிராம் 'டிங் டிங்' என்று மணியடித்துப் போகும். ஆச்சி அதற்குத் தாளம் விட்டுப் பிடிப்பார்.

அப்புறம் மெல்பர்ன் தன் வேலையைக் காட்டியது. தெற்கிலிருந்து சில்லென்று ஒரு காற்று, பத்து நிமிடத்தில் வெயில் எங்கே போனதென்று தெரியவில்லை, மழை. தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தவர்கள், மிதிவண்டிக்காரர்கள், நாய் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் எல்லோரும் கூரைக்கடியில் ஓடிவந்தார்கள். கருங்கல் தரை, இங்கே புளூஸ்டோன் என்பார்கள், ஓரமெல்லாம் கறுத்து நனைந்தது. அந்தக் கூரையின் நடுவில் வானத்துக்கு ஒரு திறப்பு, நேர் கீழே பொன்னிறக் கிணறு. மழை அதன் வழியாக நேராக உள்ளே இறங்கியது. எங்கள் ஊர் வீட்டு முற்றத்தில் நான் பார்த்த மழை. அப்பா பேத்தியைத் தூக்கிக்கொண்டு திறப்பின் ஓரமாகப் போய், அவள் கையை நீட்டி ஒரு துளியைப் பிடிக்க வைத்தார். அதைப் படம் எடுத்து, அடுத்த நாளே தேடிப்பிடித்து எனக்கு மின்னஞ்சலில் அனுப்பிய பெண்மணிக்கு நன்றி. அந்தப் படம் இப்போது கும்பகோணத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மழைக்கு ஒதுங்கியவர்களில் ஒரு கிரேக்கப் பாட்டி. கறுப்பு உடை, கையில் காய்கறிப் பை. இரண்டு பாட்டு கேட்டார். ஆச்சி ஓய்ந்ததும், யாரும் கேட்காமலே, நின்றபடியே, "நானி நானி" என்று தொடங்கினார். அவர்கள் ஊர் ஆராரோ அது. எங்கள் பக்கம் ஒருவருக்கும் அர்த்தம் புரியவில்லை, ஆனால் ஆச்சி மடியில் இருந்த பிள்ளை தூங்கிவிட்டது. இரண்டு கிழவிகளும் ஒருவரையொருவர் பார்த்து, வேலை முடிந்தது என்பதுபோல் தலையசைத்துக்கொண்டார்கள். அம்மா, காய்கறிப் பையிலிருந்து எடுத்து ஆச்சிக்குக் கொடுத்தீர்களே ஒரு எலுமிச்சம்பழம், ஆச்சி அதை ஊறுகாய் போடாமல் காயும்வரை வைத்திருந்தாராம். அவர் மகள் சொன்னாள். ஆச்சி இப்போது இல்லை.

எம்பெவிலியன் பணியாளர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்களுக்கென்று ஒரு சங்கம் இல்லை, பதிவு இல்லை, காட்டுவதற்கு முந்தைய நிகழ்ச்சியும் இல்லை. 'சில பாட்டிகள் தாலாட்டு பாடுவார்கள்' என்று எழுதிக் கேட்டதற்கு இடம் கொடுத்தீர்கள். எட்டரை மணிக்கு மேலும் கூட்டம் கலையாதபோது விளக்கை அணைக்கவில்லை. கடைசியில் ஈர ஜமக்காளங்களை நாங்கள் மடிக்க, மறுமுனையைப் பிடித்து உதறியது உங்கள் பெண்தான்.

அந்தக் கோடை முடிந்து பந்தலைப் பிரித்து மெல்பர்ன் மிருகக்காட்சிசாலைக்குக் கொடுத்தார்கள். அதன் பிறகு அதே புல்வெளியில் கிளென் மர்கட் வந்தார், 2023-இல் தாடாவோ ஆண்டோவின் கான்கிரீட் சுவர்கள் வந்தன. ஆண்டோவினுடையது ஒரே கோடையோடு போகாமல் அடுத்த பருவத்துக்கும் நின்றது. நல்ல கட்டடம்தான், போய் உட்கார்ந்தால் மனம் அடங்கும். படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். "இதுல எதை அவிழ்ப்பாங்க?" என்று பதில் வந்தது.

மூங்கில் பந்தலைப் பிரித்தவர்களே, உங்களை நான் பார்க்கவே இல்லை. 26 கிலோமீட்டர் கயிற்றை எத்தனை பேர், எத்தனை நாள் அவிழ்த்தீர்களோ. அப்பா கேட்கச் சொன்னது இதுதான்: அறுத்தீர்களா, அவிழ்த்தீர்களா? அவிழ்த்தவர்கள் என்றால் வெற்றிலையோடு ஒரு தேங்காயும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

இன்னொன்று. அன்று மழையில் யாரோ எங்களுக்குக் கொடுத்த மஞ்சள் குடை, கைப்பிடியில் பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டியது, எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஒரு கம்பி வளைந்திருந்ததை அப்பாவே ஊருக்குத் திரும்பும் முன் நிமிர்த்திக் கயிறு சுற்றிவிட்டுப் போனார். உரியவர் சொல்லியனுப்பினால் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
மழைத்துளியைப் பிடித்த பிள்ளையின் அம்மா
மெல்பர்ன்