மருந்தில் கை இருக்கும்போது

டேட்டன், ஒஹாயோ
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் உங்கள் காதில் பாதிதான் விழுகிறது. மீதியை அம்மா வாங்கி, தன் பாணியில் உங்களிடம் சேர்க்கிறாள். இந்த விஷயம் அப்படிச் சேர்ந்தால் வம்பு. அதனால்தான் ரொம்ப நாளைக்கப்புறம் பேனாவை எடுத்திருக்கிறேன்.

போன மாதம் வீடியோவில் என் பின்னால் தெரிந்த பச்சை மெஷினைப் பார்த்து, "சோடா பாட்டிலுக்கு மூடி அடிக்கிறதாடா அது?" என்று அம்மா கேட்டாள். "அந்த மாதிரிதான்" என்று சொல்லிவைத்தேன். முழுப் பொய் இல்லை. அதுவும் கைப்பிடியை இழுத்தால் அழுத்துகிற மெஷின்தான். ஆனால் அழுத்துவது துப்பாக்கித் தோட்டா. முழுசாகப் படியுங்கள், அப்புறம் திட்டுங்கள்.

பெரியப்பா தோட்டத்துக்கு வைத்திருந்த இரட்டைக் குழல் ஞாபகம் இருக்கிறதா? தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் போய் வாங்கி வருவாரே. துப்பாக்கி என்றால் அதற்கு மேல் நான் பார்த்ததில்லை. இங்கேயும் வேலை விசாவில் இருந்தவரை அந்தப் பக்கம் போக வழியில்லை. விசாக்காரர்கள் தோட்டா கையில் வைத்திருப்பதே சட்டப்படி சிக்கல். கிரீன் கார்டு வந்த பிறகு, எங்கள் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கிழவர் செவ்வாய்க்கிழமைதோறும் தான் போகும் கிளப்புக்குக் கூட்டிப்போனார். அச்சு வார்க்கும் வேலையில் நாற்பது வருஷம் இருந்தவர். கை நிதானம் அப்படி.

அங்கே நடப்பது புல்ஸ்ஐ என்ற குறி பார்க்கும் போட்டி. ஒரு கையை நீட்டி, இன்னொரு கையை இடுப்பிலோ பாக்கெட்டிலோ வைத்துக்கொண்டு, காகித வட்டத்தைச் சுட வேண்டும். 50 கஜத்தில் பத்துக் குண்டுக்குப் பத்து நிமிஷம். பிறகு 25 கஜத்தில் ஐந்து குண்டுக்கு 20 விநாடி, அப்புறம் அதே ஐந்துக்கு 10 விநாடி. நடு வட்டம் மூன்றே கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. சத்தமாகப் பேசக்கூட ஆள் கிடையாது. சதுரங்கம் ஆடுகிற இடம் மாதிரி இருக்கும். ஏரிக் கரையில் கேம்ப் பெரி என்று ஒரு ராணுவத் திடல் இருக்கிறது. 1907-இலிருந்து தேசியப் போட்டி பெரும்பாலும் அங்கேதான். போன கோடையில் மூன்று மணி நேரம் காரோட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இந்த நாட்டில் துப்பாக்கியைப் பற்றி நீங்கள் செய்தியில் பார்ப்பதெல்லாம் பொய்யில்லை, அப்பா. உங்கள் பேத்தியின் பள்ளியில், யாராவது சுட வந்தால் எங்கே ஒளிவது என்று ஒத்திகை நடத்துகிறார்கள். அன்று அவள் வந்து அதைச் சொன்னபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வருஷம் தயங்கித்தான் சேர்ந்தேன். துப்பாக்கி எப்போதும் இரும்புப் பெட்டியில் பூட்டியிருக்கும். சாவி இருக்கும் இடம் எனக்கும் உங்கள் மருமகளுக்கும் மட்டும்தான் தெரியும். அவளுக்கு இது பிடிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சரி, தோட்டாவுக்கு வருகிறேன். நாம் தோட்டா என்று மொத்தமாகச் சொல்வதில் நாலு சாமான் இருக்கிறது. பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் ஈயக் குண்டு. பிரைமர் என்பது நம்ம பொட்டு வெடியின் அண்ணன். தட்டினால் பொறி விடும். சுட்ட பிறகு குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், ஆனால் பித்தளை அப்படியே கிடக்கும். அதைத் தேய்த்துச் சுத்தம் பண்ணி, பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, ஊதிப்போன உடம்பை அச்சில் விட்டுப் பழைய அளவுக்கு இறுக்கி, வாயைக் கொஞ்சம் விரித்து, புதுப் பிரைமர், மருந்து, குண்டு என்று வரிசையாக வைத்து, கடைசியில் வாயை மூடி இறுக்கினால் மறுபடி தோட்டா. ஒரே கூட்டைப் பல தடவை பயன்படுத்தலாம். சொந்த உபயோகத்துக்கு என்றால் லைசன்ஸ் வேண்டாம். விற்றால்தான் வேண்டும்.

கடையில் வாங்கினால் ஆகாதா என்று கேட்பீர்கள். கடைத் தோட்டா யார் துப்பாக்கியில் போட்டாலும் வெடிக்கிற மாதிரி பொதுவாகச் செய்தது. என் துப்பாக்கி .38 ஸ்பெஷல் ரிவால்வர், பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். அதற்கு எது ஒத்துப்போகும் என்று நாமே தேடிக் கண்டுபிடிக்கலாம். புதுசாகப் பழகுகிறவனுக்கு ரிவால்வர்தான் நல்லது என்று கிழவர் சொன்னார். மருந்து கொஞ்சம் குறைந்தாலும், ஆட்டோமேட்டிக் துப்பாக்கி மாதிரி பாதியில் நிற்காது, காலிக் கூடு நாலு பக்கமும் தெறித்து ஓடாது. குண்டு, வாட்கட்டர் என்று ஒரு தினுசு. முனையே இல்லாமல் தட்டையாக இருக்கும். காகிதத்தில் பட்டால், ஆபீஸில் பஞ்சிங் மெஷின் போட்ட மாதிரி வட்டமாக ஓட்டை விழும். புள்ளி எண்ணுவதில் சண்டை வராது.

மருந்தின் எடையைக் கேட்டால் சிரிப்பீர்கள். கிரெயின் என்று ஒரு கணக்கு; ஒரு பவுண்டுக்கு 7,000. என் தோட்டாவுக்கு மூன்று கிரெயினைத் தொட்டும் தொடாமலும். நம்ம ஆசாரி கணக்கில் சுமார் ஒன்றரைக் குண்டுமணி! ஒரு பவுண்டு டப்பா வாங்கினால் 2,300 தோட்டாவுக்கு மேல் வரும். தராசும் ஆசாரி கடைத் தராசு மாதிரிதான். மூச்சு பட்டால் முள் ஆடும். ஹீட்டர் காற்று வந்தால் பொய் சொல்லும். நிறுக்கும்போது ஹீட்டரை அணைத்துவிட்டு, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்காருகிறேன்.

இதில் உங்களுக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு சங்கதி இருக்கிறது. இந்த .38 கூடு 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. அன்றைக்கு உள்ளே போட்டது பட்டாசு ஆலையில் நீங்கள் கலந்த அதே சரக்கு: வெடியுப்பு, கரி, கந்தகம். இருபது கிரெயினுக்கு மேல் போட்டுக் கூட்டையே நிரப்புவார்கள். இப்போது போடுவது புகையில்லா மருந்து. கொஞ்சம் போட்டாலே போதும். அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதுதான் ஆபத்தும். கூடு பெரிசு, மருந்து சிறுசு. தவறி ரெண்டு தடவை போட்டாலும் வழியாது, வெளியே தெரியாது. சுட்டால் துப்பாக்கியே பிளக்கலாம். ஒன்றுமே போடாமல் விட்டால் வேறு வினை: பிரைமர் மட்டும் வெடித்து, குண்டைப் பாதிக் குழல் வரை தள்ளி நிறுத்திவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் போச்சு.

எவ்வளவு மருந்து என்பதை நானாக முடிவு பண்ணவில்லை. லைமன் கம்பெனி கையேடு ஒன்று இருக்கிறது. இந்தக் குண்டுக்கு இந்த மருந்து, இங்கே ஆரம்பி, இதைத் தாண்டாதே என்று அட்டவணை போட்டிருப்பார்கள். குறைந்த அளவில் ஆரம்பித்து, 0.1 கிரெயின் வீதம் ஏற்றி, நாலு தினுசு, தினுசுக்குப் பத்து செய்தேன். மணல் மூட்டையில் கையை வைத்து 25 கஜத்தில் சுட்டேன். முதல் பத்தும் சாத்துக்குடி அளவுக்குப் பரவியிருந்தது. இரண்டாவது தினுசு சின்ன எலுமிச்சைக்குள் அடங்கியது. மேலே ஏற்ற ஏற்ற மறுபடி பரவியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாவதில் ஐந்நூறு செய்துவிடலாம் என்று குதித்தேன். "அடுத்த வாரமும் சுடு" என்றார் கிழவர். சுட்டேன். இந்தத் தடவை மூன்றாவது தினுசு முந்தியது! மருந்து மாறவில்லை, மாறியது என் கை. மூன்று வாரம் மாற்றி மாற்றிச் சுட்ட பிறகுதான் இரண்டாவதே தேவலை என்று தெரிந்தது, அதுவும் மயிரிழையில். வேகத்தைக் கூட்டிப் பிரயோஜனமில்லை, அப்பா. எவ்வளவு வேகமாக அடித்தாலும் காகிதத்துக்கு வலிக்கப் போவதில்லை.

இனிமேல்தான் கடிதத்தின் காரணம். நாலு வாரத்துக்கு முன்னால், போட்டி வரிசையில் பதினெட்டாவது தோட்டாவை அழுத்தினேன். "டப்" என்று நமத்துப்போன ஊசிவெடிச் சத்தம். கையில் உதை இல்லை. காகிதத்தில் ஓட்டை இல்லை. பக்கத்திலிருந்த கிழவர் "நிறுத்து!" என்று போட்ட சத்தத்தில் வரிசையே நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கிறது. வீட்டுக்கு வந்து பித்தளைக் கம்பியை விட்டு, மெதுவாகத் தட்டித் தட்டி வெளியே எடுத்தேன். எடுக்கும்வரை கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது.

மருந்தே போடாத தோட்டா. எப்படி என்று யோசித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, ஐம்பது கூட்டைக் கட்டையில் நிறுத்தி ஒவ்வொன்றாக மருந்து விட்டுக்கொண்டிருந்தபோது அம்மா போன் பண்ணினாள். பத்ரகாளியம்மன் கோயில் போய்விட்டு வந்த கதை, எதிர் வீட்டுக் கல்யாணம், கிணற்று மோட்டார். பேசிக்கொண்டே கையும் வேலை செய்தது. ஒன்றைத் தாண்டிவிட்டேன். ஒன்றைத் தாண்டினவன் இன்னொன்றில் ரெண்டு தடவை போட்டிருக்க மாட்டான் என்று என்ன நிச்சயம்? மீதி முப்பத்திரண்டு இருந்தது. நிறுத்துப் பார்த்தும் பயனில்லை. பித்தளையின் எடையே ஒன்றுக்கொன்று அந்த மூன்று கிரெயினுக்கு மேல் மாறும். சுத்தியல் மாதிரி ஒரு சாமான் இருக்கிறது. தோட்டாவை அதற்குள் மாட்டித் தரையில் அடித்தால் குண்டு கழன்று வரும். முப்பத்திரண்டையும் அடித்துக் கழற்றினேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

உங்கள் கலவை ரூமில், பாட்டு முணுமுணுத்த ஒரு ஆளை வெளியே போகச் சொன்னீர்களே, அப்போது எனக்குப் பத்து வயது. சாப்பாட்டுத் தூக்கோடு வாசலுக்கு வெளியே நின்றிருந்தேன். "மருந்தில கை இருக்கும்போது வாய் எதுக்கு?" என்றீர்கள். பாவம், பாட்டுதானே பாடினார் என்று எனக்கு உங்கள் மேல்தான் கோபம் வந்தது.

இப்போது ஐம்பது கூட்டிலும் மருந்து விட்டதும், குண்டு வைப்பதற்கு முன்னால் டார்ச் அடித்து வரிசை வரிசையாகப் பார்க்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். சந்தேகம் வந்தால் ஐம்பதையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து. மேஜையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும். உள்ளே வரும்போது கதவுப் பிடியைத் தொட்டுவிட்டுத்தான் உட்காருவேன், நீங்கள் வாசல் தகட்டைத் தொடுகிற மாதிரி. குளிர்காலத்தில் இங்கே எதைத் தொட்டாலும் உடம்பிலிருந்து மின்பொறி. இந்த மருந்துக்கு அவ்வளவு வேண்டாம் என்று கிழவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டை மாற்றிய பிறகுதான் பாப்பாவைத் தூக்குவேன். ஈயம் பிள்ளைகளுக்கு ஆகாது. நீங்கள் உடம்பெல்லாம் அலுமினியப் பொடி மினுமினுக்க வந்து, குளிக்கிறவரை எங்களைக் கிட்டே விடமாட்டீர்களே. அவளும் என்னைப் போலவே வாசலில் நின்று அழுகிறாள்.

மேஜை போட்டிருக்கும் அறைக்குப் போனைக் கொண்டுபோவதில்லை. ஆனால் நான் எடுக்காவிட்டால் அம்மா உங்கள் மருமகளுக்குப் போடுகிறாள், அவள் வந்து கதவைத் தட்டுகிறாள். அதனால் ஞாயிறு சாயங்காலம் நம்ம நேரம் ஆறரையிலிருந்து எட்டரை வரைக்கும் கூப்பிட வேண்டாம் என்று சொல்லுங்கள். நவம்பரில் இங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவார்கள். அப்போது ஏழரையிலிருந்து ஒன்பதரை. முடித்ததும் நானே கூப்பிடுகிறேன். காரணம் கேட்டால் சோடா மெஷின் ஓடுகிற நேரம் என்று சொல்லிவிடுங்கள்.

மோட்டாருக்குப் பணம் அனுப்பிவிட்டேன். பழையதைக் காயில் கட்டி ஓட்ட வேண்டாம், புதுசாகவே வாங்கிவிடுங்கள்.

இப்படிக்கு
உங்கள் மகன்